குடியிலிருந்து மீண்ட ஒரு டொக்டரும் எங்கள் தோட்டத்து வீடுகளும்

 

தீபாவளி முடிந்துவிட்டது. பத்தாந் திகதிச் சம்பளமும் வந்து போய்விட்டது. இந்த இரண்டும் அடுத்தடுத்து வரும் மாதத்தில் எங்கள் லயங்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. வகுப்பில் இருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். சம்பளம் போட்ட மறுநாள் சில பிள்ளைகள் வருவதில்லை. வருகிற சிலர் இரவு தூங்காத கண்ணோடு வருவார்கள். கொப்பி எங்கே என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். கொப்பி வாங்க வேண்டிய காசு எங்கே போனது என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இன்று நவம்பர் 16. 1950ஆம் ஆண்டு இதே நாளில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு டொக்டர் காலமானார். பெயர் றொபர்ட் ஹொல்புறூக் ஸ்மித். உலகம் அவரை டொக்டர் பொப் என்று அழைக்கிறது. சுமார் முப்பத்தைந்து வருடம் குடித்தவர். குடியை விட்டபின் வாழ்ந்த பதினைந்து வருடத்தில் ஐயாயிரம் குடிநோயாளிகளுக்கு மேல் ஒரு சதமும் வாங்காமல் பார்த்தவர். நல்ல கணவர், நல்ல தகப்பன் என்று பிள்ளைகளால் கடைசிவரை நினைக்கப்பட்டவர்.

அமெரிக்க டொக்டர் ஒருவரைப் பற்றி பூனாகலையில் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். முழுவதும் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

*

முதலில் எங்கள் பக்கத்துக் கதை கொஞ்சம்.

மலைநாட்டில் குடி எங்கள் சனம் கண்டுபிடித்த பழக்கமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சாராயம் விற்கிற உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விட்டது. அதிகம் கேட்டவர் அந்தப் பகுதியின் சாராயக் குத்தகையை எடுப்பார். குத்தகைக் காசு அரசாங்கத்துக்கு, லாபம் குத்தகைக்காரருக்கு. இலங்கையில் பழைய பெரும் பணக்காரக் குடும்பங்கள் பல எழும்பியது இந்தச் சாராயக் குத்தகையில்தான். கோப்பிக் காலத்தில் தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து எங்கள் மூத்தவர்கள் நடந்து வந்து மலையேறினார்கள். 1869இல் வந்த இலைநோயால் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தோட்டங்கள் பெருகப் பெருக அவற்றைச் சுற்றித் தவறணைகளும் பெருகின. குளிர், நனைந்த உடம்பு, அட்டைக்கடி, கங்காணிக்குக் கடன், துரைக்குப் பயம். இத்தனையும் சுமந்த ஒரு மனிதனுக்கு மாலையில் திறந்திருந்த ஒரே கதவு தவறணைக் கதவு.

1912இல் புதிய கலால் சட்டத்தின் கீழ் நாடெங்கும் கள்ளுத் தவறணைகளைத் திறக்க அரசாங்கம் புறப்பட்டபோது மதுவிலக்கு இயக்கம் பெரிதாகக் கிளம்பியது. 1904இலேயே அதற்கு ஒரு முதல் அலை இருந்தது. சேனாநாயக்க சகோதரர்கள் போன்றோர் அதில் முன்னுக்கு நின்றார்கள். 1915 கலவரத்தைத் தொடர்ந்து அந்த இயக்கத்தின் தலைவர்கள் பலரை வெள்ளைக்காரன் பிடித்து உள்ளே போட்டான். அந்த இயக்கம் சுதந்திரப் போராட்டத்துக்கு வழி திறந்தது என்று பாடப்புத்தகத்தில் படிப்பிக்கிறோம். ஆனால் அதன் பேச்சும் கூட்டமும் பெரும்பாலும் கரையோரப் பட்டினங்களிலும் சிங்களக் கிராமங்களிலும்தான். லயத்துக்குள் வந்து, குடிக்கிற மனிதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டவர் அரிது.

குடியை ஒழிக்கப் பேசியவர்கள் பலர். குடிக்கிறவனோடு பேசியவர்கள் சிலர். டொக்டர் பொப் இந்தச் சிலரில் ஒருவர்.

*

அவர் பிறந்தது 1879 ஓகஸ்ட் 8, அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மொன்ட் மாநிலத்தில் சென்ட் ஜோன்ஸ்பெரி என்ற சிறிய ஊர். தகப்பன் நீதிபதி. தாய் தந்தை இருவரும் கடும் பக்தி உள்ளவர்கள். வாரத்தில் பல தடவை பையனை தேவாலயத்துக்குக் கூட்டிப்போவார்கள். மாலை ஐந்து மணிக்கே படுக்கையில் போட்டுவிடுவார்களாம். பையன் அவர்கள் கண்ணயர்ந்ததும் பின்பக்கத்தால் இறங்கி விளையாடப் போய்விடுவான். பெரியவனானதும் கட்டாயம் இல்லாத நாளில் தேவாலயப் படி மிதிப்பதில்லை என்று அப்போதே முடிவெடுத்துவிட்டதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இதைப் பெற்றோர் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மதரஸாவுக்கும் கோவிலுக்கும் பிள்ளைகளை அனுப்புகிறோம், நல்லது. அன்பில்லாமல் அடித்து அனுப்பினால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

டார்ட்மத் கொலிஜில் 1902இல் பட்டம் எடுத்தார். அங்கேயே குடி தொடங்கிவிட்டது. பிறகு மருத்துவம் படிக்கப் போனார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் குடியினால் படிப்பு குழம்பி விலக வேண்டி வந்தது. சிகாகோவில் றஷ் மருத்துவக் கல்லூரியில் தட்டுத்தடுமாறி 1910இல் டொக்டரானார். வேலைக்குப் போனது ஒஹையோவில் உள்ள அக்ரன் நகரத்துக்கு.

அக்ரன் என்ற பெயரை எங்கள் ஊவா மக்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். அந்த நகரத்துக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. குட்இயர், பயர்ஸ்டோன் டயர்கள் செய்யப்பட்ட இடம் அதுதான். உலகத்தின் றப்பர் தலைநகரம் என்று அதற்குப் பெயர். 1876இல் ஹெனரத்கொடை பூங்காவில் நட்ட றப்பர் கன்றுகளிலிருந்து இலங்கையில் பெருந்தோட்டம் உண்டாயிற்று. பசறைக்குக் கீழே மொனராகலைப் பக்கமும், களுத்துறை, கேகாலைப் பக்கமும் எங்கள் உறவுகள் விடியக் காலையில் சிரட்டை வைத்துப் பால் வெட்டினார்கள். அந்தக் காலத்தில் உலகத்து றப்பரில் பெரும் பங்கை வாங்கியது அமெரிக்கா. அமெரிக்காவில் அது போய்ச்சேர்ந்த முக்கிய இடம் அக்ரன். டொக்டர் பொப் வைத்தியம் பார்த்த ஊர் றப்பரால் வளர்ந்த ஊர். தோட்டக்காட்டுக் கூலிக்காரனும் அக்ரன் பெக்டரித் தொழிலாளியும் ஒருவரையொருவர் கண்டதில்லை. களைத்துப்போய் மாலையில் தேடியது மட்டும் ஒன்றையேதான்.

*

1915 ஜனவரி 25இல் அவர் ஆன் றிப்ளி என்ற பெண்ணைக் கலியாணம் முடித்தார். ஆன் ஓர் ஆசிரியை. இருவரும் பழகத் தொடங்கியதிலிருந்து கலியாணம் வரை பதினேழு வருடம். ஏன் அவ்வளவு காலம் என்பதற்குக் குடியும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். 1918இல் ஒரு மகன் பிறந்தான். பிறகு பிள்ளை கிடைக்காது என்று தெரிந்ததால் சூ என்ற ஐந்து வயதுப் பெண் பிள்ளையைத் தத்தெடுத்தார்கள்.

1920இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்குச் சட்டம் வந்தது. குடிக்கக் கிடைக்காது, அப்போது நான் தப்பிவிடுவேன் என்று டொக்டர் நம்பினார். நடந்தது வேறு. மருந்து என்ற பெயரில் டொக்டர்மாருக்கு மதுசாரம் கிடைத்தது. அதற்கு மேல் கள்ளச் சாராயக்காரன் வீட்டுப் பின்படியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். சட்டம் பதின்மூன்று வருடம் இருந்து 1933 டிசம்பரில் போனது. டொக்டரின் குடி போகவில்லை. எங்கள் ஊரில் போயா தினத்துக்குத் தவறணை மூடினால் கசிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அவர் வாழ்க்கை இரண்டு பயத்தில் ஓடியது. ஒன்று தூக்கம் வராதே என்ற பயம். மற்றது போத்தல் தீர்ந்துவிடுமே என்ற பயம். சத்திரசிகிச்சை செய்கிறவர் என்பதால் காலையில் கை நடுங்கக் கூடாது. அதற்கு மாத்திரை போடுவார். மாலையில் மறுபடியும் போத்தல். ஆன் வீடு முழுவதும் தேடுவார். அவர் நிலக்கரித் தொட்டியில் ஒளித்தார், கதவு நிலைக்கு மேலே ஒளித்தார், சப்பாத்துக்குள் மேலே இழுத்துவிடும் தடித்த காலுறைக்குள்ளும் செருகிக்கொண்டு வந்தார். பின்னர் அவரே இதையெல்லாம் எழுதிவைத்தார். சிரிப்பாக இருக்கும். ஆனால் அதே வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். வருமானம் குறைந்தது, கடன் கூடியது, நண்பர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் இனிமேல் தொடமாட்டேன் என்று மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சத்தியம் செய்தார். செய்கிற நேரம் உண்மையாகத்தான் செய்தார். காப்பாற்ற முடியவில்லை.

சாமி படத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் பண்ணி, அடுத்த சம்பளத்தில் மீறி, "இவன் பொய்க்காரன்" என்று பெயரெடுத்த தகப்பன்மார் எங்கள் மலையில் எத்தனை பேர்? சத்தியம் செய்தபோது அவர்கள் பொய் சொல்லவில்லை என்று எங்களுக்குத் தோன்றியதேயில்லை.

*

1935 மே மாதம் பில் வில்சன் என்ற நியூயோர்க்காரர் ஒரு கம்பனி விவகாரமாக அக்ரனுக்கு வந்தார். அவரும் பெருங்குடிகாரராக இருந்து ஐந்து மாதத்துக்கு முன் விட்டவர். வந்த காரியம் தோல்வி. கையில் காசு குறைவு. ஹோட்டல் முன்மண்டபத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் குடிக்கும் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், மறுபக்கம் டெலிபோன். இப்போது இன்னொரு குடிகாரனோடு பேசாவிட்டால் நான் போய்க் குடித்துவிடுவேன் என்று அவருக்கு விளங்கியது. தேவாலயப் பட்டியலைப் பார்த்து போன் எடுத்தார். அது சுற்றிச்சுற்றி ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தது. குட்இயர் கம்பனியை உண்டாக்கிய குடும்பத்து மருமகள் அவர். டொக்டர் பொப்பின் குடியைப் பற்றி அவருக்குத் தெரியும்.

அன்றைக்கே வரச் சொன்னால் டொக்டரால் வர முடியவில்லை. அடுத்த நாள் அன்னையர் தினம் என்று ஆனுக்கு ஒரு பூச்சாடி வாங்கிக்கொண்டு வந்தவர், வீட்டுக்குள் நுழைந்ததும் நிலைகுலைந்து விழுந்து கிடந்தார். மறுநாள், மே 12, ஞாயிற்றுக்கிழமை, ஆன் அவரைக் கூட்டிப்போனார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். திரும்பி வரும்போது இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது.

ஆறு மணித்தியாலத்துக்கு என்ன பேசினார்கள்? பில் புத்திமதி சொல்லவில்லை. தான் எப்படிக் குடித்தேன், எப்படி விழுந்தேன், என்ன இழந்தேன், எப்படி விட்டேன் என்று தன் கதையைச் சொன்னார். டொக்டருக்கு அதுவரை எத்தனையோ பேர் அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். அவர் படித்த மருத்துவத்திலும் இருந்தது. சமயமும் சொன்னது. ஆனால் குடியைத் தன் உடம்பால் அறிந்த ஒருவர் வந்து பேசியது அதுதான் முதல் முறை. அதனால் கேட்டார்.

கதை அன்றோடு முடியவில்லை. பில் அவர்கள் வீட்டிலேயே வந்து தங்கினார். டொக்டர் விட்டிருந்தார். ஆனால் மாத முடிவுக்குப் பின் டொக்டர்மார் மாநாடு ஒன்றுக்கு அட்லாண்டிக் சிட்டிக்குப் போனவர், வழியிலேயே குடிக்கத் தொடங்கி, நினைவில்லாமல் திரும்பி வந்தார். அவர்கள் கதவைச் சாத்தவில்லை. படுக்கவைத்துத் தேற்றினார்கள். சத்திரசிகிச்சை ஒன்று செய்ய வேண்டிய காலையில் கை நடுக்கம் அடங்க ஒரு போத்தல் பியர் கொடுத்து அனுப்பினார்கள். அதுதான் அவர் கடைசியாகக் குடித்தது. 1935 ஜூன் 10 என்று குறித்துவைத்திருக்கிறார்கள்.

அன்று சிகிச்சை முடிந்தும் அவர் வீட்டுக்கு வரவில்லை. நேரம் போகப் போக, மறுபடியும் குடிக்கப் போய்விட்டாரோ என்று ஆன் கலங்கிப்போனார். வெகுநேரம் கழித்து வந்தார். கடன் கொடுத்தவர்கள், தான் புண்படுத்தியவர்கள் என்று ஒவ்வொருவர் வீடாகப் போய், தன் நிலைமையை ஒளிக்காமல் சொல்லி, சரிசெய்வேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

எங்கள் மார்க்கத்தில் தௌபாவின் நிபந்தனைகளைப் படிப்பிக்கும்போது, மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதனிடமே போய் நேர் செய்ய வேண்டும் என்று சொல்வோம். கிறிஸ்தவரான அந்த டொக்டர் அன்றைக்குச் செய்தது அதுதான்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. குடியை விட்டும் அந்த ஆசை தன்னை விட்டுப்போக ஏறக்குறைய இரண்டரை வருடம் ஆனது என்று அவர் எழுதியிருக்கிறார். இரண்டரை வருடம் ஒவ்வொரு நாளும் ஆசையோடு போராடிக்கொண்டே விட்டிருந்தார். எங்களூரில் ஒருவர் விட்டு இரண்டு கிழமை ஆனவுடன், "பார்ப்போம் எத்தனை நாளைக்கென்று" எனக் கடைத் திண்ணையில் பந்தயம் கட்டுகிறோம்.

*

ஜூன் மாதக் கடைசியில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டிலில் கட்டிவைக்கப்பட்டிருந்த ஒரு வழக்கறிஞரைப் பார்த்தார்கள். பெயர் பில் டொட்சன். ஆறு மாதத்தில் எட்டுத் தடவை அனுமதிக்கப்பட்டவர், தாதிமாரை அடித்தவர். அவரும் விட்டார், சாகும்வரை தொடவில்லை. இப்படி மூவரானார்கள். பிறகு பத்துப்பேர், நாற்பதுபேர். 1939 ஏப்ரலில் அவர்கள் அனுபவங்களை எழுதிப் புத்தகம் போட்டார்கள். அந்தப் புத்தகத்தின் பெயரே அமைப்பின் பெயராயிற்று: அல்கஹோலிக்ஸ் அனானிமஸ். பெயர் சொல்லாத குடிநோயாளிகள் என்று சொல்லலாம். இன்று அது உலகில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது, இலங்கையிலும் இருக்கிறது. சந்தா இல்லை. முழுப்பெயர் கேட்பதில்லை. விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி.

இதையெல்லாம் டொக்டர் பொப் தனியாகச் செய்யவில்லை. அந்தச் சிறிய வீட்டில் ஆன் ஒவ்வொரு காலையும் வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றி, வேதம் வாசித்து, அவர்கள் மனைவிமாரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். குடிகாரர்களுக்குப் படுக்கை வேண்டும் என்று பிள்ளைகள் தங்கள் கட்டிலை விட்டுக்கொடுத்தார்கள். தொடக்கத்தில் வந்து தங்கிய ஒருவர் ஆனைக் கத்தியோடு துரத்தியதும் நடந்தது. அப்படியிருந்தும் கதவு மூடப்படவில்லை. தகப்பனை முன்பு இழந்திருந்த பிள்ளைகள், இப்போது திரும்பக் கிடைத்த தகப்பனை ஊரோடு பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிகள் குடிகாரர்களைச் சேர்க்க விரும்புவதில்லை. சென்ட் தோமஸ் ஆஸ்பத்திரியில் அனுமதிப் பிரிவில் இருந்த அயர்லாந்துக் கன்னியாஸ்திரி இக்னேஷியா 1939 ஓகஸ்டில் ஒரு தைரியம் செய்தார். டொக்டர் கொண்டுவந்த நோயாளியை வயிற்று அழற்சி என்று பதிந்து சேர்த்துக்கொண்டார். அவரைப் பார்க்க வருகிறவர்கள் தனிமையில் பேச வேண்டும் என்று டொக்டர் கேட்டபோது இடமில்லை. நோயாளிகளுக்கு வரும் பூக்களை அடுக்கிவைக்கும் சிறிய அறைக்குள் கட்டிலைத் தள்ளிக்கொடுத்தார். அந்தப் பூ அறையிலிருந்துதான் ஐயாயிரம் பேர் என்ற கணக்குத் தொடங்குகிறது.

ஆன் 1949 ஜூன் 1இல் காலமானார். டொக்டர் அப்போதே புற்றுநோயால் மெலிந்திருந்தார். 1950 ஜூலையில் கிளீவ்லண்டில் நடந்த பெருங்கூட்டத்தில் சில நிமிடம் மட்டும் பேசினார். எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள், இந்த வழியைச் சாறு பிழிந்தால் அன்பும் சேவையும்தான் மிஞ்சும், நாவைக் கவனமாக வைத்திருங்கள், இதுதான் பேச்சின் சாரம். அவருக்கும் ஆனுக்கும் நினைவுச்சின்னம் கட்ட நண்பர்கள் காசு சேர்த்தபோது வேண்டாம் என்றுவிட்டார். மற்ற மனிதர்களைப் போல அடக்கமாகிறோம் என்றார். அக்ரனில் அவர்கள் கல்லறையில் அவர் உண்டாக்கிய அமைப்பின் பெயர்கூட இல்லை.

*

எங்கள் மொழி பேசுகிற ஊரிலும் இப்படி ஒரு கதை உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், பெரிய தொழிற்குடும்பத்து மருமகள். கணவர் ரங்கநாதன் குடிநோயால் 1979இல் இறந்தார். ஊர் பேசும் என்று அவர் வீட்டுக்குள் அடைந்துகிடக்கவில்லை. 1980இல் கணவரின் பெயரிலேயே ஒரு நிலையம் தொடங்கினார். டிடிகே ஆஸ்பத்திரி என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அங்கே குடிப்பவருக்கு மட்டும் சிகிச்சை இல்லை, மனைவியும் குடும்பமும் வந்து உட்கார வேண்டும். குடி ஒருவருக்கு வந்தாலும் நோய் முழு வீட்டுக்கும் என்பது அவர்கள் பாடம். டவுனுக்கு வர முடியாதவர்களுக்காக மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டார்கள். எங்கள் மூத்தவர்கள் விட்டுவந்த சோழநாட்டுக் கிராமங்கள் அந்தப் பக்கம்தான். 1992இல் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

இதே போல சூடானில் பிறந்த உளவியலாளர் மாலிக் பத்ரி அவர்களையும் சொல்ல வேண்டும். 1932இல் பிறந்து 2021இல் மௌத்தானார். 1976இல் இஸ்லாமும் குடிநோயும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்கச் சட்டம் பதின்மூன்று வருடத்தில் தோற்றது ஏன், மதீனாவில் ஒரு சமூகமே குடியை விட்டது எப்படி என்று ஒப்பிட்டுப் பார்த்தார். குர்ஆன் மதுவை ஒரேநாளில் தடுக்கவில்லை. முதலில் அதில் தீமை பெரிது என்று சொன்னது. பிறகு போதையோடு தொழுகைக்கு வராதீர்கள் என்றது. கடைசியில் முற்றாக விலக்கியது. மனங்கள் தயாராகி, ஒருவரை ஒருவர் தாங்குகிற சமூகம் உண்டான பின்புதான் கடைசிக் கட்டளை.

*

இப்போது எங்களைப் பற்றி.

முஸ்லிம் வீடுகளில் குடி இல்லை என்று நாங்கள் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். தூள், ஐஸ், குளிசை, மாவா என்று வந்திருப்பதைப் பார்த்துவிட்டும் பேசாமல் இருக்கிறோம். பிள்ளை அகப்பட்டால் பேர் கெட்டுப்போகும் என்று அறைக்குள் பூட்டிவைக்கிறோம், அல்லது வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்க்கிறோம். லயத்தில் குடி வெளியே தெரிகிறது, எங்கள் வீட்டில் போதை உள்ளே ஒளிந்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒன்றை ஒப்புக்கொண்டால்தான் இதை எழுதும் தகுதி எங்களுக்கு வரும். பல வருடங்களுக்கு முன் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தகப்பன் குடித்துவிட்டு வந்தார். பிள்ளைகளுக்கு முன்னால் அவரை நாங்கள் வாய்க்கு வந்தபடி பேசி வெளியே அனுப்பினோம். நல்லது செய்ததாகவே நினைத்தோம். அவருடைய மகள் அன்று அந்த வகுப்பில் முதல் வரிசையில் இருந்தாள். அதற்குப் பிறகு அந்தத் தகப்பன் பள்ளிக்கூடப் பக்கம் வரவேயில்லை. மகளும் சாதாரண தரம் எழுதாமலே கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டாள். குடித்தும்கூட அந்த மனிதர் மகளுக்காகக் கூட்டத்துக்கு வந்திருந்தார் என்பது எங்களுக்கு விளங்கியது வெகுகாலம் கழித்துத்தான்.

ரசூலுல்லாஹ் அவர்களின் காலத்தில் ஒருவர் திரும்பத் திரும்பக் குடித்துவிட்டுத் தண்டிக்கப்பட்ட சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. கூட்டத்தில் ஒருவர் அந்த மனிதரைச் சபித்தார். நபியவர்கள் சபிக்க வேண்டாம் என்று தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிக்கிறவர் என்று சொன்னார்கள். உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்ற கருத்திலும் அறிவிப்பு உண்டு. இந்த ஹதீஸை நாங்கள் படிப்பித்திருக்கிறோம். அந்தக் கூட்டத்தில் அது எங்களுக்கு நினைவு வரவில்லை.

2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியபோது, கொஸ்லந்தைக்கும் பூனாகலைக்கும் இடையில் சாதி, சமயம், மொழி பார்க்காமல் எல்லோரும் மண்வெட்டியோடு ஓடினோம். புதைந்தவன் நல்லவனா கெட்டவனா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. மண்ணுக்குள் இருந்த மனிதனுக்குக் காட்டிய அந்த இரக்கத்தை, போத்தலுக்குள் இருக்கிற மனிதனுக்கும் கொஞ்சம் காட்டினால் போதும்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, எங்களுக்குத் தெரிந்த சில விடயங்கள்.

நீண்டகாலம் தினமும் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்தவைக்காதீர்கள். கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாததைக் கண்டு உளறுதல் எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்து. அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். காசு தேவையில்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் போன் எடுத்துப் பேசலாம்.

விட்டவர் ஒருவர் மறுபடியும் விழுந்தால், எல்லாம் வீண் என்று கைவிடாதீர்கள். அட்லாண்டிக் சிட்டியிலிருந்து திரும்பி வந்த டொக்டர் பொப்பை அன்று கைவிட்டிருந்தால் ஐயாயிரம் பேர் இல்லை.

குடிக்கிறவரின் மனைவியைப் போய்ப் பாருங்கள். அவளிடம் புத்திமதி சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் இருங்கள். ஒரு தேத்தண்ணி குடியுங்கள். பிள்ளையின் கொப்பிக்கு வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, எங்கள் ஊரிலேயே குடியை விட்டு வருடக்கணக்காக நிற்கிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களை எங்களுக்குத் தெரியும், பெயர் சொல்லப்போவதில்லை. பழைய கதையை மறைத்து மரியாதையாக வாழ உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் நாங்கள் நூறு பேர் சேர்ந்து மேடை போட்டுச் சொன்னாலும் நுழையாத காதில், நீங்கள் ஒரு மாலை நேரம் தனியாக உட்கார்ந்து சொன்னால் நுழையும். எங்களிடம் பட்டம் இருக்கிறது, உங்களிடம் அந்தப் பாதை தெரிந்த கால் இருக்கிறது. அக்ரனில் நடந்தது அவ்வளவுதான். ஒருவர் இன்னொருவரிடம் தன் கதையைச் சொன்னார்.

அப்படிப் பேச ஓர் இடம் வேண்டுமென்றால் எங்களிடம் சொல்லுங்கள். பள்ளிவாசலோ, கோவிலோ, தேவாலயமோ, வாசிகசாலையோ, ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு அறையும் நாலு கதிரையும் கேட்டு வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு. தேத்தண்ணியும் எங்கள் பொறுப்பு. யார் வந்தார் என்று வாசலில் நின்று பார்க்கமாட்டோம்.

பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் துரத்திய அந்தத் தகப்பன் இதை வாசிக்கிறாரோ தெரியாது. யாராவது வாசித்துக் காட்டினால் சொல்லுங்கள். நாங்கள் பிழை செய்தோம். மன்னித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து நேரிலும் சொல்கிறோம்.

அல்லாஹ் எங்கள் எல்லோருடைய வீடுகளையும் காப்பாற்றுவானாக.